பப்பேத்தேயில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் ஆறு பேரும் பாய்ப்படகில் துவாமோட்டுத் தீவுகளுக்குப் புறப்பட இருப்பதையும், அதற்குள்ளாகவே இருவர் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திவிட்டதையும், வழியனுப்ப நண்பர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட வேண்டும் என்று படகுத் தலைவர் பிடிவாதமாக இருப்பதையும் எழுதியிருந்தாய். கடலைக் குறித்து அச்சமில்லை, உடன் வருபவர்களைக் குறித்துத்தான் கவலை என்று சொல்லியிருந்தாய். உன் கவலை நியாயமானது. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் நான் கேட்டறிந்து, இன்றுவரை மனத்திலிருந்து அகலாத ஒரு பயணக் குழுவின் வரலாற்றை உனக்கு எழுதுகிறேன். நீ இப்போது நிற்கும் தஹீட்டித் தீவின் அந்தத் துறைமுகத்துக்குத்தான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பசிபிக் தீவுகளில் மனிதர்கள் குடியேறியது திசை தவறி அடித்துச் செல்லப்பட்டதால்தான் என்று அறிஞர்கள் சிலர் எழுதிவந்த காலம் அது. அதை மறுத்துக் காட்டுவதற்காக ஹவாயில் ஒரு கலத்தைக் கட்டினார்கள். பழைய பொலினீசிய முறைப்படி இரண்டு நீண்ட ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, கயிற்றால் பிணைத்து, நடுவே மேடை அமைத்த அந்தக் கலம் ஏறத்தாழ 62 அடி நீளமுடையது. ஹவாயின் உச்சி வானத்தைக் கடக்கும் சுவாதி நட்சத்திரத்தின் ஹவாய்ப் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: ஹொகுலேயா. 1976 மே 1ஆம் தேதி மாவி தீவிலிருந்து புறப்பட்டு, திசைகாட்டியோ, நட்சத்திர உயரம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியோ இல்லாமல், ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து ஜூன் 4ஆம் தேதி பப்பேத்தே வந்தது. அன்று அந்தக் கரையில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டிருந்தார்கள்.

வழிகாட்டியவர் மாவ் பியாய்லுக். மைக்ரோனேசியாவில், ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சதவால் தீவைச் சேர்ந்தவர். ஹவாயில் கருவியின்றி வழி காணும் கலை அற்றுப்போயிருந்ததால் அவரை அழைத்துவந்தார்கள். அவர் அதற்கு முன் அந்தத் தென்கடல் வழியில் சென்றதே இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, அவர் சிறுவயது முதல் நம்பியிருந்த துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. ஆயினும் எழும் நட்சத்திரங்களையும் மறையும் நட்சத்திரங்களையும், கலத்தின் பக்கவாட்டில் வந்து மோதும் நெடும் அலைகளின் போக்கையும் மட்டும் கொண்டு, மிகக் குறைவாகவே உறங்கி, மத்தாய்வா என்ற தாழ்ந்த பவளத் தீவுக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்தார். செக்ஸ்டன்ட்டைப் பிடித்து நட்சத்திர உயரம் அளந்து பழகிய எனக்கு, இது எத்தனை பெரிய காரியம் என்பது நன்றாகத் தெரியும். நீ செல்லவிருப்பது அதே தீவுக்கூட்டத்துக்குத்தான்.

ஆனால் அந்தக் கலத்துக்குள் அமைதி இல்லை. கிளம்பும் முன்பே மாவ் எல்லாரையும் அழைத்து, மனக்குறைகளைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். சிலர் விடவில்லை. இந்தப் பயணம் யாருடையது, ஆராய்ச்சியாளர்களுடையதா, ஹவாய் மக்களுடையதா என்ற வழக்கு கடலிலும் தொடர்ந்தது; காற்றற்ற நிலநடுக்கோட்டுப் பகுதியில் கலம் தவித்தபோது அது முற்றியது. பப்பேத்தேயில் கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, தங்களைக் கொண்டுவந்து சேர்த்தவரின் மனம் கசந்துவிட்டது. தன்னைத் தேடி வர வேண்டாம் என்று குழுவினருக்கு ஒலிநாடாவில் பதிந்து வைத்துவிட்டு, மாவ் ஊர் திரும்பினார். ஹொகுலேயா அவரில்லாமல், கருவிகளின் துணையோடுதான் ஹவாய் திரும்ப வேண்டியதாயிற்று.

அடுத்த பயணம் 1978 மார்ச் 16ஆம் தேதி தொடங்கியது. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது, கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆனால் நாள் குறித்தாகிவிட்டது, வழியனுப்பும் மக்களும் கரையில் கூடிவிட்டார்கள். துணைக்கு வேறு கலம் எதுவும் உடன் செல்லவில்லை. புறப்பட்ட சில மணி நேரத்துக்குள், நள்ளிரவு வாக்கில், சரக்குப் பாரத்தோடு இருந்த கலம் ஹவாய்த் தீவுகளுக்கு இடையே உள்ள மொலோக்காய் நீரிணையில் கவிழ்ந்தது. குழுவினர் கவிழ்ந்த ஓடங்களைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். மறுநாள், வைமேயா விரிகுடாவில் எத்தனையோ பேரை நீரிலிருந்து மீட்ட உயிர்காப்பாளரான எடி அய்கவ், அலைப்பலகையில் துடுப்பிட்டு உதவி தேடி லானாய் தீவை நோக்கிச் சென்றார். அவருக்கு வயது 31. அன்று இரவு ஒரு விமானி தீச்சுடர்க் குறியைக் கண்டு தகவல் சொல்ல, மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். எடி மட்டும் கிடைக்கவே இல்லை. அன்று அந்தக் கரையில் யாராவது ஒருவர், இன்று வேண்டாம், காற்று தணியட்டும் என்று உரக்கச் சொல்லியிருக்கலாகாதா என்று, எடியை அறியாத நான்கூட இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

இதற்குப் பின்பு நடந்ததைத்தான் நீ முக்கியமாக அறிய வேண்டும். நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர் மாவைத் தேடிப் போய், தனக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். மனம் கசந்து சென்ற மனிதர், இந்தப் பிள்ளைகள் கடலில் சாகக் கூடாது என்பதற்காகவே திரும்பி வந்தார். நைனோவாவின் தந்தை மைரன் தாம்சன், ஹொகுலேயாவை நடத்திவந்த பொலினீசியக் கடற்பயணச் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, பயிற்சியையும் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தினார். 1980இல் நைனோவாவே வழிகாட்டியாக நின்று ஹொகுலேயாவைத் தஹீட்டிக்கு நடத்தினார். இம்முறை துணைக்கலமும் உடன் சென்றது. மாவ் கலத்தில் இருந்தார், ஆனால் வழி சொல்லவில்லை.

துவாமோட்டுவை நெருங்கியபோது ஒரு காலையில் வெள்ளை ஆலாப் பறவை ஒன்று தென்பட்டது. அந்தப் பறவைகள் விடியலில் நிலத்தைவிட்டுக் கடலுக்குப் போகும், அந்தியில் திரும்பும் என்பது நைனோவா கற்ற பாடம். ஆகவே, அந்தப் பறவை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கேதான் தீவு இருக்க வேண்டும், இரவில் அதைக் கடந்து வந்துவிட்டோம் என்று அவர் கருதினார். அதுவரை வாய் திறவாதிருந்த மாவ் அப்போதுதான் பேசினார்: பறவை போகும் திசையிலேயே செல்லுங்கள் என்றார். சற்று நேரத்தில் தீவு தெரிந்தது. அந்தப் பறவையின் அலகில் சிறு மீன் இருந்தது என்றும், அது குஞ்சு பொரித்திருக்கும் காலம் என்றும், தாய் இரை கொண்டு போகிறது என்றும் மாவ் பிறகு விளக்கினார். கூட இருந்தவர்கள் எல்லாரும் பறவையைத்தான் பார்த்தார்கள். அதன் அலகில் இருந்த மீனைப் பார்த்தவர் அவர் ஒருவர். அப்படிப்பட்ட ஒருவரை 1976இல் இழந்த குழு, அவரைத் திரும்பப் பெற சில ஆண்டுகளையும் ஒரு நல்ல உயிரையும் கொடுக்க நேர்ந்தது.

ஆகவே மகளே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆறு பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். பேசாதிருக்கும் இருவரும் அங்கே இருக்கட்டும். யார் எந்த நேரம் காவல் இருப்பது, யாருடைய சொல் இறுதியானது, தண்ணீரையும் உணவையும் எப்படிப் பங்கிடுவது, எந்தக் காற்றுக்கு மேல் கிளம்பக் கூடாது என்பதையெல்லாம் கரையிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். வானிலை சரியில்லையென்றால் நண்பர்கள் முன்னிலையில் நீயே எழுந்து, வேண்டாம் என்று சொல். தலைவர் கேட்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடு. அதற்காக நானோ உன் அம்மாவோ உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம். திரும்பி வரும் செலவை நான் அனுப்புகிறேன்.

போவதென்று முடிவானால், துவாமோட்டுவில் உள்ள வளையப் பவளத் தீவான ரங்கிரோவாவின் நுழைவாயிலை இரவில் நெருங்க வேண்டாம். அங்கே தீவு வளையத்தின் நடுவேயுள்ள ஏரிக்குள்ளிருந்து வெளியேறும் நீரோட்டம் மிகக் கடுமையானது. நீர் நின்று திரும்பும் வேளையைக் கணக்கிட்டு, பவளத்திட்டு கண்ணுக்குத் தெரியும்படி வெயில் நன்றாக ஏறிய பிறகு உள்ளே செல்லுங்கள். நேரம் தவறினால் தீவைவிட்டு விலகி, வெளியே காத்திருங்கள். அவசர அழைப்புக் கருவியில் நம் வீட்டு எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். புறப்பட்ட பின் சில நாள் செய்தி வராவிட்டால் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த இருவரும் பேசிக்கொண்டார்களா என்பதை மட்டும் கிளம்பும் முன் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா