கைக்காசில் உருண்ட பந்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா நல்ல சுகம். இங்க ஒரு கெழமையா மழை விடல. ரோட்டோரம் கொஞ்சம் மண் சரிஞ்சிருக்கு, நம்ம லயத்துப் பக்கம், வரிசை வீட்டுப் பக்கம், ஒண்ணும் இல்ல, பயப்படாத.

நம்ம தேயிலைத் தோட்டத்து புட்போல் கிளப்புக்கு நினைவு மலர் போடப்போறோம், ஆரம்பிச்ச வருசம், கேப்டன்மார் பேரு, ஜெயிச்ச கப்பு எல்லாம் எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்த. கேப்டன்மார் பேரு தாத்தாவோட கொப்பியில இருக்கு, அக்கா போன்ல படம் புடிச்சு அனுப்புவா. ஆரம்பிச்ச வருசத்த ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அத நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. கொப்பியில இல்லாத ஒண்ணு எனக்குத் தெரியும். கிளப்புக்குக் காசு எங்க இருந்து வந்திச்சுன்னு. அது மலர்ல வரணும்.

தோட்டத்த நடத்தின துரைமாருக்குத் தரவளையில கிளப் இருந்திச்சு, ரக்பி ஆடுவாங்க, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி புல்லு. நம்ம ஆளுகளுக்குத் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால, தேயிலை நாத்துத் தவறணை போட்டுக் கைவிட்ட துண்டு. தாத்தாவும் அவரோட கூட்டாளிகளும் பின்னேரம் மம்பட்டியோட போய் மேட்ட வெட்டி நிரவுனாங்க. அப்பவும் ஒரு பக்கம் சரிவுதான். பந்து போனா ஆத்துக்குத்தான் போகும், அதுக்காகவே கீழ ஒரு பொடியன நிக்க வச்சிருப்பாங்க. மூடுபனி எறங்கினா கோல் விழுந்ததே சத்தத்திலதான் வெளங்கும்.

தோல் பந்து, உள்ள பிளேடர், வாய்க்கு வார். மழையில நனைஞ்சா தலையில முட்டுறவன் தலைய மூணு நாளைக்குத் திருப்ப ஏலாது. அந்தப் பந்து ஒண்ணு வாங்க ஹட்டனுக்குப் போகணும். அந்தக் காசு தாத்தாமார் சம்பளத்தில வந்திச்சுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்ல தம்பி. ஆம்பளைங்க சம்பளம் கடைக் கடனுக்கும் அரிசி மாவுக்கும் போயிரும். பொம்பளைங்க சம்பளம் அதவிடக் குறைவு. 1984ல ஸ்ட்ரைக் பண்ணின பிறகுதான் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சரிசமமா சம்பளம் வந்திச்சு. அந்தக் குறைஞ்ச சம்பளத்தையும் சம்பள நாளன்னைக்கு வாங்கப் போறது புருசன், இல்லாட்டி அப்பன். எங்க கையில வந்து விழுறது ஞாயித்துக்கெழமை எடுக்கிற கைக்காசுக் கொழுந்துக் காசு மட்டும்தான், நெறுத்ததும் கையிலயே குடுக்கிற காசு.

அந்தக் காசத்தான் குடுத்தோம். மேட்டு லயத்து அத்த ஒரு பிஸ்கட் தகரத்த வச்சுக்கிட்டு நெறுவ எடத்தில நிக்கும். றாத்தல் கணக்கு முடிஞ்சதும் ஆளுக்கு அஞ்சு சதம், பத்து சதம். நான் வேலைக்குப் பேர் பதிஞ்ச முதல் மாசத்தில இருந்து போட்டிருக்கேன். கோல் போஸ்டுக்கு வலை பின்னினதும் நாங்கதான், கிழிஞ்ச கொழுந்துச் சாக்கப் பிரிச்சு. ஜெர்சி துவைக்கிறதப் பத்தி எழுதவே வேணாம், அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான்.

பெரிய மாமாவப் பத்திக் கேட்டிருந்த. அண்ணன் நடு ஆட்டக்காரன், ரெண்டு காலும் ஒண்ணு மாதிரிப் பேசும். ஹட்டன் டன்பார் கிரவுண்ட்ல ஒரு மெட்ச்ல பார்த்துட்டுக் கொழும்பில இருந்து ஒரு டீம் கூப்பிட்டாங்க. போனான். பிரஜாவுரிமைக் கடதாசி கேட்டாங்க. நம்ம ஆளுகளுக்குப் பிரஜாவுரிமை இல்லாம ஆக்கின 1948 சட்டத்துக்குப் பிறகு எங்க வீட்டில யாருக்குத் தம்பி கடதாசி? ராத்திரி கோச்சியிலயே திரும்பி வந்துட்டான். வந்தவன் பூட்ஸக் கழுவி ஸ்டோர் ஜன்னல்ல காயப் போட்டுட்டு அடுத்த நாள் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக்குப் போனான். ஒரு வார்த்த பேசல.

1964ல சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில நம்ம ஆளுக அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்குன்னு எழுதிட்டாங்க. மிச்சம் வச்ச ஒண்ணரை லட்சத்தையும் 1974ல பாதி பாதியாப் பிரிச்சாங்க. அந்த வருசந்தான் பஞ்சமும். மாவு இல்ல, ரொட்டி இல்ல, கிழங்கு தோண்டித் தின்னோம். கிரவுண்ட்ல புல்லு முழங்கால் வரைக்கும் வளந்து நின்னிச்சு. பிறகு ஒவ்வொருத்தரா இந்தியாவுக்குப் பயணம் போனாங்க. கோல் கீப்பர் குடும்பம் ஒரு மாசம், பேக் ஆடின ரெண்டு பேர் அடுத்த மாசம். கடைசியா அண்ணன். தலைமன்னார் கோச்சிய ஒப்பாரிக் கோச்சின்னு சும்மாவா சொன்னாங்க. ஸ்டேசன்ல அவன் கட்டிப்புடிச்சு அழுதது என்னைய இல்ல, அந்தப் பந்த எடுத்துட்டு வந்த பொடியன. தமிழ்நாட்டில கூடலூர்ப் பக்கம் டேன்டீன்னு சொல்ற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில வேல கெடைச்சு, அங்கயும் நம்ம ஆளுகளச் சேர்த்து டீம் ஒண்ணு அமைச்சதா எழுதியிருந்தான். கொப்பியில அந்த வருசங்கள் வெள்ளைத் தாளா இருக்கும். அத விட்டுட்டு அடுத்த கப்புக்குத் தாவிராதீங்க.

1983 ஆடிக் கலவரத்தில தேயிலைக்குள்ள ரெண்டு ராத்திரி படுத்துக் கெடந்தோம். அத்த எடுத்துட்டு வந்தது ஒரு சீலையும் அந்தத் தகரமும். அடுத்த வருசம் சம்பளம் சரிசமமானதும் தகரம் சீக்கிரமா நெறைஞ்சிச்சு. டவுன்ல டிவிஷன் மெட்சுக்குப் பேர் குடுத்தது அந்தக் காசிலதான். அங்கதான் புதுக் கஷ்டம் வந்திச்சு. வேல நாள்ல மெட்ச் வச்சா அன்னைக்குப் பேர் விழாது, அதாவது அந்த நாள் சம்பளம் இல்ல. மாசத்தில வந்த நாள் குறைஞ்சா வரவுக்குக் குடுக்கிற மேலதிகக் காசும் போயிரும். நல்லா ஆடுறவன வீட்டில பொண்டாட்டி விடமாட்டா, அவளக் குறை சொல்லவும் ஏலாது. அதனால ஆடுறவனுக்கு அந்த நாள் பேருக்கு உள்ள காச கிளப்பே குடுக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க.

கொழும்பில உனக்கு மெட்சுக்கு இவ்வளவுன்னு குடுக்கிறாங்க, பகல்ல கடையில வேல, பின்னேரம் பயிற்சின்னு போன்ல சொன்னப்ப எனக்கு அந்தப் பேர்க்காசு ஞாபகந்தான் வந்திச்சு. காசு வாங்கிட்டு ஆடுறது நம்ம கிளப்புக்குப் புதுசு இல்ல. குடுத்தது கம்பெனி இல்ல, கொழுந்தெடுத்த பொம்பளைங்க. 1992ல தோட்டம் கம்பெனி கைக்கு மாறினப்பவும் தகரம் மாறல.

2021ல சூப்பர் லீக் நடந்திச்சே, பத்து டீம்ல மலையில இருந்து நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ் ஒண்ணுதான். அதே வருசந்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூவாவாகணும்னு கெசட்ல வந்திச்சு. அக்காவோட போன்ல லயன்ஸ் மெட்சப் பார்க்க லயத்துக் கெழவிங்க எல்லாம் நம்ம வீட்டு முன்பக்க இஸ்தோப்பில வந்து உக்காந்தாங்க. அத்தைக்குக் கண்ணு தெரியாது, யாரு பந்து வச்சிருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சு. அத்த செத்து இப்ப மூணு வருசம்.

பழைய டீம் போட்டோ ஒண்ணத் தபால்ல அனுப்புறேன். போன தடவ ஒருத்தர் அத நோட்டீஸ்ல போட்டப்ப முன்னால குந்தியிருக்கிற பதினொரு பேர மட்டும் வச்சுட்டு மேல் பக்கத்த வெட்டிட்டாங்க. மேல, வேலிக்கு அந்தப் பக்கம், கூடையோட நிக்கிறவங்க ஏழு பேர். எல்லார் பேரையும் பின்பக்கம் எழுதியிருக்கேன். எடது பக்கம் மூணாவது அத்த, இடுப்புல கட்டின படங்குக்குள்ள கையோட மறைச்சு வச்சிருக்கிறது அந்தத் தகரத்தத்தான். முழுப் படமாப் போடு.

தீபாவளிக்கு வாறப்ப முழங்கால் பட்டியோட வா, போன தடவ வீங்கியிருந்திச்சு.

அன்புடன்,
அம்மா