சரண்ஜித் சிங் ஆல்பத்தை ராகமா கேட்டு எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். சிகாகோ, டெட்ராய்ட், லண்டன்னு வரிசையா சொல்லிட்டு வந்து, நடுவுல ஒரே ஒரு வரியில "இந்தியாவுலயும் 1982ல ஒருத்தர் தற்செயலா இதே மாதிரி ஒண்ணு பண்ணாரு"ன்னு போட்டு முடிச்சிட்டாங்க. பேர் கூட இல்ல. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர், அதுலயும் முக்கியமா அந்த 'தற்செயலா'வுக்காக.

அவர் பேரு சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஸ்டுடியோக்கள்ல பல வருஷம் கிடார், பேஸ் கிடார் (கீழ் ஸ்தாயி கிடார்), கீபோர்டுன்னு வாசிச்ச செஷன் மியூசிஷியன், அதாவது அடுத்தவங்க பாட்டு ரெக்கார்டிங்குக்கு வாசிக்கிறவர். நாம கேட்டு வளர்ந்த எத்தனையோ இந்திப் பாட்டுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க, ஆனா ரெக்கார்டு அட்டையில மியூசிக் டைரக்டர் பேர், பாடினவங்க பேர், எழுதினவர் பேர் இருக்கும், கிடார் வாசிச்சவர் பேர் இருக்காது. அப்படி இருந்த ஒருத்தர் தன் சொந்தப் பேர்ல போட்ட ஆல்பம்தான் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. மொத்தம் பத்து ட்ராக்கு, ஒவ்வொண்ணும் ஒரு இந்துஸ்தானி ராகம். பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம்ம பக்கத்துக் காதுக்குச் சொல்லணும்னா பைரவ் கிட்டத்தட்ட மாயாமாளவகௌளை, பூபாலி மோகனம், யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைராகி ரேவதி, கலாவதி வலஜி. அதனால இது ஏதோ வடக்கத்தி சமாச்சாரம்னு ஒதுங்க வேண்டியதே இல்ல, கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவங்க யாரும் உள்ள போயிடலாம்.

அவர் வச்சு வாசிச்சது ரோலண்ட்ங்கற ஜப்பான் கம்பெனியோட மூணு எலக்ட்ரானிக் மெஷின். டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர். இதுல டிபி-303 பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், அந்தக் கட்டுரையில அது வரவே இல்ல. அந்தப் பொட்டிய ரோலண்ட் செஞ்சதே கிடார் வாசிக்கிறவங்களுக்காகத்தான், தனியா உக்காந்து பிராக்டிஸ் பண்ணும்போது பின்னாடி பேஸ் வாசிக்க ஆள் இல்லன்னா இது வாசிக்கும்னு விளம்பரம் பண்ணாங்க, ஆனா நிஜ பேஸ் கிடார் மாதிரி கேக்கவே கேக்காதுங்கறதால யாரும் சீண்டல, 1984லயே தயாரிப்ப நிறுத்திட்டாங்க. அப்புறம் பழைய கடைகள்ல சல்லிசா கிடைச்சத வாங்கித்தான் சிகாகோ பசங்க அதோட குமிழ எல்லாம் திருகி அந்தக் குழையற சத்தத்தக் கண்டுபிடிச்சாங்க, ஃப்யூச்சர்ங்கற குரூப்போட 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987ல வந்துச்சு, ஆசிட் ஹவுஸ்ங்கற டான்ஸ் மியூசிக் வகையே அங்கதான் ஆரம்பம்னு சொல்றாங்க. சரண்ஜித் சிங் அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அதே பொட்டிய வச்சு ஆல்பமே போட்டுட்டாரு. கிடார்காரங்களுக்குன்னு செஞ்ச பொட்டி, அத ஒரு நிஜ கிடார்காரர் கையில எடுத்து என்ன பண்ணாருங்கறதுதான் இங்க கதை.

இப்போ 'தற்செயல்' விஷயத்துக்கு வரேன். சாதாரண டிஸ்கோ பாட்டுல என்ன இருக்கும், கீழ கிக் டிரம் நாலு அடி சமமா விழும், மேல கார்டு (ஒண்ணா சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்கள்) மாறிக்கிட்டே இருக்கும், அந்த கார்டு மாத்தம்தான் பாட்ட முன்னாடி இழுத்துட்டுப் போகும். இந்த ஆல்பத்துல பீட்டு மட்டும்தான் டிஸ்கோ. கார்டு மாறாது. ஏன்னா ராகத்துக்கு அது வேண்டாம், ராகத்துக்கு ஒரு ஸட்ஜம், அதாவது ஆதார 'ஸ', நிலையா நிக்கணும், மத்த ஸ்வரம் எல்லாம் அத வச்சுத்தான் அர்த்தமாகும், அடியில கார்ட மாத்திக்கிட்டே இருந்தா அந்த ஆதாரம் ஆடிப் போயிடும். சினிமாவுல கார்டு பிடிக்கறதே வேலையா இருந்த ஒரு மனுஷன் இங்க அதத் தூக்கி ஓரமா வச்சிட்டு, 303ய ராகத்தோட ஸ்வரத்துக்குள்ளயே சுத்தி சுத்தி ஓட விட்டாரு, 808 தாளத்தப் பிடிச்சுக்கிச்சு, மேல ஜூபிடர்ல கையால மெலடி வாசிச்சாரு. தம்புரா, தபலா, சிதார் நிக்க வேண்டிய இடத்துல மூணு மெஷின். ஒரே ஆதார சுருதி, நிக்காம சுத்தற ஒரு சின்ன பேஸ் வரி, மாறாத பீட்டு, இந்த மூணும் சேர்ந்தா வர்றதத்தான் பின்னாடி ஆசிட் ஹவுஸ்னு கூப்பிட்டாங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி கேக்கறதுக்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லைங்க. ராகம் கேட்டத அவர் கொடுத்தாரு, அது அங்க கொண்டு போய் விட்டுச்சு.

இன்னொண்ணும் கவனிக்கணும், 303ல ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிட்டுப் போற 'ஸ்லைடு' வசதி இருக்கு. கிடார் கழுத்துல இருக்கற ஃப்ரெட்ங்கற குறுக்குக் கம்பிகள் கமகத்துக்குத் தடைங்கறதாலதான் பிரிஜ் பூஷண் காப்ரா மாதிரி பெரியவங்க கம்பி மேல ஸ்டீல் வச்சு இழுத்து வாசிச்சாங்க, விஸ்வ மோகன் பட் கிடார மாத்தி மோகன வீணைன்னே ஒண்ணு உருவாக்கினாரு. ஒரு ஸ்வரம் இன்னொண்ணுக்கு எப்படி இழையணும்னு கிடார்காரனுக்குத் தினமும் இருக்கற கவலை அது. இந்த ஆல்பத்துல பேஸ் வரி ஸ்லைடாகற இடங்கள கேட்டா அந்தக் கவலை உள்ளவர் செஞ்சதுன்னு எனக்குத் தோணுது. ஆனா மெஷின் ஸ்லைடு எப்பவும் ஒரே மாதிரிதான், இந்துஸ்தானியில 'மீண்ட்'னு சொல்ற நிஜ இழுவை அப்படி இருக்காது, அது குறைதான்.

குறை வேற இல்லையான்னா இருக்கு. ஆலாபனைக்கு இடமே இல்ல, அஞ்சு நிமிஷத்துல ஒரு ராகத்த முடிக்கணும், முதல்ல இருந்து கடைசி வரை ஒரே வேகம். லலித் மாதிரி பஞ்சமம் இல்லாம ரெண்டு மத்தியமமும் பக்கத்துல பக்கத்துல வர்ற ராகத்த நிதானமா விரிச்சாதான் அதோட வலி தெரியும், இங்க அது ஓடிப் போயிடுது. ஆனா கலாவதியும் மதுவந்தியும் கேளுங்க, பீட்டுக்கு மேல ராகம் அப்படியே மிதக்குது, எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்குது.

அப்போ இது விக்கல. எச்எம்வி போட்டும் யாரும் கண்டுக்கல. எடோ பவ்மன்ங்கற டச்சுக்காரர் டெல்லியில ஒரு பழைய பிரதியக் கண்டெடுத்து, 2010ல தன்னோட பாம்பே கனெக்ஷன் லேபிள்ல திரும்ப வெளியிட்டாரு, அப்போதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு, சில பேரு இது இப்போ யாரோ செஞ்சுட்டு பழசுன்னு ஏமாத்தறாங்கன்னு கூட சந்தேகப்பட்டாங்க. வயசான காலத்துல ஐரோப்பா போய் மேடையில வாசிச்சாரு, 2015ல மும்பையில இறந்துட்டாரு. ஆல்பம் திரும்ப வந்ததுல இருந்தே வெளிநாட்டுப் பத்திரிகை பலதும் 'ஆசிட் ஹவுஸோட தந்தை'ன்னு எழுதுது. எனக்கு அதுவும் சரியாப் படல. சிகாகோவுல இருந்த பசங்க இந்த ரெக்கார்டக் கேட்டு ஆரம்பிக்கல, அவங்க வழி வேற. அவங்க செஞ்சதுக்கு இவர அப்பாவாக்கவும் வேண்டாம், இவர் செஞ்சத தற்செயல்னு தள்ளவும் வேண்டாம். இவரே சொந்தமா ஒரு முடிவெடுத்து, எப்படி வரணும்னு யோசிச்சு செஞ்ச வேலை இது, அந்த மரியாதை போதும்.

அதனால கேக்கறது இதுதான். உங்க பத்திரிகையில டிசம்பர் சீசன்னா கச்சேரி விமர்சனம் பக்கம் பக்கமா வருது, ராகம் தெரிஞ்ச விமர்சகர்கள் உங்ககிட்ட இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர்கிட்ட இந்த ஆல்பத்தக் கொடுத்து, டான்ஸ் மியூசிக் பழைய கதை எல்லாம் விட்டுட்டு, பத்து ராகத்தையும் ராகமாவே கேட்டு எழுதச் சொல்லுங்க. எந்த ராகம் நின்னுச்சு, எது நிக்கல, எங்க பிரயோகம் சரி, எங்க மெஷின் தடுத்துச்சுன்னு. கூடவே ஒரு கிடார்காரரையும் உக்கார வச்சா இன்னும் நல்லது. சின்ன ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா 303 வரியே காதுல விழாது, பேஸ் நல்லா வர்ற ஸ்பீக்கர்ல போடணும், லலித்த விட்டுட்டு கலாவதியில ஆரம்பிக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்