கரண்ட் போனால் சோலரும் நிற்கும் என்று முதலே எழுதித் தாருங்கள்

வீட்டுக்கூரைச் சோலருக்கு இணைப்பு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் பக்கம் லைன் திருத்த வேலைக்காகக் காலையிலிருந்து பின்னேரம் வரை மின்சாரத்தை நிறுத்தினீர்கள். முன்கூட்டியே அறிவித்தும் இருந்தீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் தங்கச்சியும் அந்த அறிவித்தலைப் பார்த்தாள். ஆனால் பொருட்படுத்தவில்லை. அவள் வீட்டுக் கூரையில்தான் 5 கிலோவாட் சோலர் இருக்கிறதே.

அவள் யோகட்டும் ஐஸ் பக்கற்றும் செய்து பாடசாலைகளுக்குப் பக்கத்துக் கடைகளில் போடுகிறவள். தொழிலுக்கு ஒரு பெரிய பிறீசர், அதன் பில்லைச் சமாளிக்க வங்கிக் கடனில் போட்ட சோலர். அன்று கச்சான் காற்றோடு வெயில் கொளுத்துகிறது, வானத்தில் முகில் ஒரு துண்டும் இல்லை. கூரை நிறையப் பனல். கீழே பிறீசரிலிருந்து தண்ணீர் வடிகிறது. கிணற்று மோட்டரும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு மாமி போனைச் சார்ஜ் போட வந்து, "உனக்கென்ன பிள்ளை, வீட்டிலயே பவர் ஹவுஸ் வச்சிருக்கிறாய்" என்றாராம். அலுவலகத்துக்குப் போன் எடுத்தபோது கிடைத்த பதில்: "லைன் இல்லாட்டிச் சோலரும் வேலை செய்யாது தங்கச்சி. இதுகூடத் தெரியாதா?"

தெரியாது, ஐயா. விற்ற நிறுவனம் சொல்லவில்லை. "இனிக் கரண்ட் கவலையே இல்லை" என்றுதான் சொன்னார்கள். நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்த கடதாசிகளிலும் அவள் விளங்கிக்கொள்ளும்படி அது எழுதப்பட்டிருக்கவில்லை. பழுதான ஐஸ் பக்கற்றுகளைக் கொட்டிவிட்டாள். கடன் தவணை மட்டும் வழக்கம்போல வந்தது.

காரணம் நியாயமானதுதான். லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஊழியருக்கு, ஏதோ ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும். அதனால் லைன் செத்தவுடன், பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேட்டரும் தானாக நிற்க வேண்டும். அந்த நேரத்திலும் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற வேறு வகை இன்வேட்டரும் தேவை, செலவும் அதற்கேற்ப ஏறும். இதை யாரும் எதிர்க்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், இந்தக் குறைகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

சோலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மற்ற மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதற்கு என்ன முடியாது என்பதும் சனங்களுக்குத் தெரிய வேண்டும். விக்டோரியா நீர்மின் நிலையத்தில் 210 மெகாவாட் இருக்கிறது. பகலில் தண்ணீரைத் தேக்கி வைத்து இரவு ஏழு மணிக்குத் திறந்துவிடலாம். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 900 மெகாவாட். புகை கக்கினாலும் இருட்டிலும் ஓடும். நாட்டில் மின்சாரம் அதிகமாகத் தேவைப்படுவது மாலை 6.30இலிருந்து 10.30 வரை, அந்த நேரம் எங்கள் பனல்கள் தூங்குகின்றன. மாரியில் வாடை மழை பிடித்தால் பகலிலும் அரைத்தூக்கம். சரி, கோடையிலாவது முழு உற்பத்தி வருமா என்றால், பனல் 25 பாகையைத் தாண்டிச் சூடாகச் சூடாக, பாகைக்குப் பாகை உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. எங்கள் மத்தியான வெயிலில் அந்தச் சூடு எவ்வளவு ஏறும் என்று கூரையில் கை வைத்தவருக்குத் தெரியும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தைத் தின்பது வேறு கதை.

அப்புறம் வோல்ட்டேஜ். ஒரே ட்ரான்ஸ்போமரில் பல வீடுகள் மத்தியானம் லைனுக்கு அனுப்புகின்றன, ஊரில் பாவிக்க ஆளில்லை. வோல்ட்டேஜ் ஏறி, லைன் கடைசியில் இருக்கிற வீட்டின் இன்வேட்டர் தானாக நின்றுவிடுகிறது. நல்ல வெயில் நேரத்தில் உற்பத்தி பூச்சியம். அதுவும் யாருடைய விளம்பரத்திலும் இல்லை.

2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்று கூரைச் சோலர் திட்டம் தொடங்கி, லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய் தருவோம் என்று சொல்லித்தான் எல்லோரையும் கூரைக்கு ஏற்றினார்கள். 2025 சித்திரை விடுமுறையில் அதே கூரைக்காரர்களிடம், பிற்பகல் மூன்று மணிவரை சோலரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று முதலில் சொன்னார்கள். பிறகு பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை பாவனை குறைவு, கூரைச் சோலர் அதிகம் என்று பழியில் பாதி எங்கள் தலையில். குரங்கு தப்பிவிட்டது, அதற்கு வங்கிக் கடனும் இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். தேசியப் பிரச்சினையெல்லாம் உங்கள் மேசையில் தீராது என்பது தெரியும். அந்த ஒரு பக்கம் தீரும். லைன் போனால் வீட்டுக்கும் மின்சாரம் இல்லை. இரவில் உற்பத்தி இல்லை. வோல்ட்டேஜ் ஏறினால் பகலிலும் நிற்கலாம். பற்றரி இல்லாமல் இதற்கு வழியில்லை. இவ்வளவுதான். இதைப் பெரிய எழுத்தில், தமிழில் போட்டு, அனுமதி கேட்டு வருகிறவர் வாசித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். விற்கிற நிறுவனங்களும் அதை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள்.

எழுத ஆளில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதிக்கொண்டு வருகிறேன். நீங்கள் பிழை பார்த்து முத்திரை குத்தினால் போதும்.

தாழ்மையுடன்,
மட்டக்களப்பு எழுவான்கரைப் பாவனையாளர் ஒருவர்