தாழ்த்திய ஸ்விஃப்டுக்கு எந்த டயர்?

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா இப்போது கைத்தடி இல்லாமலே வாசல் வரைக்கும் நடக்கிறார் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் இரண்டாவது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஓடுகிறது. சமையல் பக்கம் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னதைத்தான் ஏற்க மாட்டேன் என்கிறார். என் மகன் கவின் பிளஸ் டூ. சாயந்தரம் டியூஷன் இல்லாத நாட்களில் பட்டறைக்கு வந்து நிற்கிறான். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் அளவு கேட்காமலே சரியானதை எடுக்கிறான். மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்கிறான், நான் தடுக்கப் போவதில்லை.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். 2018 ஸ்விஃப்டுக்கு 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்ப்ரிங் போட்டாகிவிட்டது, அடுத்து 7 அங்குல அகல அலாயில் 205/50 ஆர்15 டயர் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார், "ஒண்ணும் இடிக்காது சார்" என்றும் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். போடாதே என்பதுதான் என் பதில். ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். வண்டி நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்தை மேலே மூடியிருக்கும் தகடு) நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு விரல் போனால் போதும், டயர் வாங்கிவிடுகிறார்கள்.

நிற்கிற வண்டியில் டயர் எங்கும் இடிக்காது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, முழு ஆளோடு ஸ்பீட் பிரேக்கர் தாண்டும்போது, சக்கரம் போக முடிந்த உச்சத்துக்குப் போகிறது. அந்த உச்சத்தை முடிவு செய்வது ஸ்ப்ரிங் இல்லை, பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பர் தண்டில் மாட்டியிருக்கிற அந்த ரப்பர் குட்டி நசுங்கி முடிகிற இடம்தான் சக்கரத்தின் கடைசி எல்லை. கம்பெனி ஸ்ப்ரிங்கிலும் அதே எல்லை, தாழ்த்திய ஸ்ப்ரிங்கிலும் அதே எல்லை. அதனால் பழைய டயரோடு வெறும் ஸ்ப்ரிங்கை மட்டும் மாற்றியவனுக்குப் பெரும்பாலும் இடிப்பதில்லை. முன்பு வருஷத்தில் எப்போதாவது போன உச்சத்துக்கு இப்போது தினமும் போகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் பல இடங்களில், தாழ்த்திய பிறகு வண்டி "தங் தங்" என்று அடிக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும் பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். அதை வெட்டினால் சக்கரம் முன்பைவிடக் கூடுதலாக மேலே போகும், உரசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். உன் வண்டியில் அதை வெட்டினார்களா என்று முதலில் கேள். பதில் தெளிவாக வராவிட்டால் தூசி உறையை மேலே தூக்கிப் பார், ரப்பரின் அடிமுனை கத்தி போட்ட மாதிரி தட்டையாக இருந்தால் வெட்டியிருக்கிறார்கள்.

சரி, கணக்கு. உன் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15. 185 டயரின் அகலம் மி.மீ.யில், 65 பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 205/50 ஆர்15 உயரம் 586 மி.மீ. பெயரில் பெரிய எண் இருந்தாலும் டயர் குள்ளம், 35 மி.மீ.க்கு மேல் குறைவு. அதனால்தான் மேலே இடிக்காது என்று அவர் தைரியமாகச் சொல்கிறார். ஆனால் அகலவாக்கில் பார். உன் பழைய ரிம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45 மி.மீ. என்று வைத்துக்கொள். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம், எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி வரும். புது ரிம் 7 அங்குலம், ஆஃப்செட் 35. டயரின் வயிறு வெளிப்பக்கம் ஏறத்தாழ 25 மி.மீ. தள்ளி வரும். உள்பக்கமும் ஸ்ட்ரட்டை (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நோக்கி 5 மி.மீ. போகும், ரிம்மின் உதடு 9 மி.மீ. போகும். உயரத்தில் கிடைத்த இடத்தை அகலம் தின்றுவிடுகிறது.

முன்பக்கம் ஸ்ட்ரட் இருப்பதால் சக்கரம் ஏற ஏற மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும், ஃபெண்டரின் ஓர மடிப்பான லிப்பிலிருந்து தப்பிக்கும். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து உங்கள் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப்பில் திருப்பும்போது டயரின் முன்தோள் பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலையில் போய் நிற்கும், பின்தோள் உள் பிளாஸ்டிக்கில் நிற்கும். பின்பக்கம் இன்னும் மோசம். அங்கே இருப்பது இரண்டு சக்கரத்தையும் ஒரே உத்திரம் இணைக்கும் டார்ஷன் பீம் ஆக்ஸில், உள்சாய்வு அவ்வளவாகக் கிடைக்காது. அப்பா, அம்மா, தங்கச்சி, குழந்தை, டிக்கியில் பெட்டி எல்லாமாக நீ தென்காசிக்குக் கிளம்பினால் 25 மி.மீ. வெளியே வந்த டயர் நேராக லிப்பை நோக்கி ஏறும்.

போன மாதம் இப்படி ஒரு வண்டி வந்தது. "வளைவில் மட்டும் ஒரு சத்தம்" என்றார் உரிமையாளர். பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். லிப்பின் உள்மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போய், இரும்பு வெள்ளியாகப் பளபளத்தது, ஓரத்தில் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. டயரின் வெளித்தோளில் சுற்றிலும் ஒரே கோடு, நகத்தை வைத்தால் நகம் இறங்கியது. உள் பிளாஸ்டிக்கின் மேல் மாவு போலக் கறுப்பு ரப்பர் தூள். அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் ஆழமாகி உள்ளே கம்பி தெரிந்திருந்தால் ஹைவேயில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவர் அதில்தான் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தார்.

குள்ள டயரில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. நீ வண்டியைத் தாழ்த்தியதே சக்கரத்துக்கு மேலே இருக்கும் அந்தக் காலி இடத்தை மூடத்தான். ஆரம் 18 மி.மீ. குறைந்த டயரைப் போட்டால் மூடிய இடத்தில் பாதியை நீயே திறந்துவிடுகிறாய். அதே 18 மி.மீ. தரையிலிருந்தும் போகிறது. ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதில் ஸ்ப்ரிங்குக்கு 40, டயருக்கு 18 போனால் 105. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஸ்விஃப்டின் வீல்பேஸ் 2.45 மீட்டர்தான், ஆகவே விதிப்படி போட்டதென்றால் வண்டி அதன்மேல் ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் ஆளுக்கு ஆள் தார் கொட்டிப் போட்டு வைத்திருக்கும் ஒரு முழ அகலத் திண்டில் அடிவயிறு தட்டும். நாலு பேர் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தாங்கும் எடையும் குறைகிறது. 185/65 ஆர்15 டயரின் லோடு இண்டெக்ஸ் 88, ஒரு டயருக்கு 560 கிலோ. 205/50க்கு 86, அதாவது 530 கிலோ. 195/55 ஆர்15 போடலாமா என்றும் ஓரத்தில் எழுதியிருந்தாய். அது 85, 515 கிலோதான், உயரமும் 26 மி.மீ. குறைவு. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே லோடு இண்டெக்ஸ் போகவே கூடாது, அப்பா பின்சீட்டில் உட்காருகிற வண்டி அது. 205/50ல் உயரம் 5.7 சதவீதம் குறைவதால் மீட்டரும் கூட்டிக் காட்டும். முள் 100ல் நிற்கும்போது நீ அதே அளவு குறைவாகத்தான் போய்க்கொண்டிருப்பாய். கிலோமீட்டரும் அப்படியே கூடுதலாக ஏறும்.

நான் போடச் சொல்வது 195/60 ஆர்15. உயரம் 615 மி.மீ., ஒரே ஒரு சதவீதம் குறைவு. லோடு இண்டெக்ஸ் 88, மாற்றமே இல்லை. பக்கச்சுவர் 117 மி.மீ. இருக்கிறது, பழையதற்கு 120. பள்ளத்தில் ரிம் எளிதில் அடிபடாது. ஸ்டெப்னி பழைய 185/65 ஆகவே இருந்தாலும் பஞ்சரானால் வீடு வந்து சேரலாம். அதே 205/50 போட்டு முன்னால் ஒரு பக்கம் மட்டும் பழைய ஸ்டெப்னி மாட்டினால் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைக்கும், ஏபிஎஸ்ஸும் குழம்பலாம். ரிம் 6 அங்குலம் போதும், ஆஃப்செட் 45ஐ ஒட்டியே இருக்கட்டும். அப்படிப் போட்டால் டயர் வெளியே 6, உள்ளே 6 மி.மீ.தான் போகும். வெளியே தள்ளித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு ஸ்பேசர் (ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தட்டு) மட்டும் வைக்காதே. நான்கு நட் துளை, 100 பிசிடி (அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்) என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நடுத்துளையை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் துளையில் உட்காரும் ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. கடை அலாயில் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் வேகம் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது.

ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் எல்லா டயரும் ஒன்றில்லை. ஸ்போர்ட் டயர்களின் தோள் சதுரமாக இருக்கும், சாதாரண டூரிங் டயரின் தோள் உருண்டிருக்கும். லிப்பில் முதலில் இடிப்பது அந்தத் தோள்தான். ரிம்மைக் காக்க ஓரத்தில் ரப்பர் விளிம்பு வைத்த மாடல்களும் இருக்கின்றன, அதுவும் சில மி.மீ. தின்னும். தாழ்த்திய வண்டிக்கு உருண்ட தோள் டயர்தான் என் தேர்வு.

இதையெல்லாம் கணக்கோடு நிறுத்தக் கூடாது, வண்டியில் பார்க்க வேண்டும். நான் செய்வது இதுதான். ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப்போடு மட்டும் திருப்பி மாட்டுவேன். வண்டி ஸ்டாண்டில் நிற்கும். புது டயர் மாட்டிய சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருப்புவேன். லிப்பிலும் உள் பிளாஸ்டிக்கிலும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக ஒட்டி வைத்தால் எங்கே எவ்வளவு நசுங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். நசுங்கிய களிமண் 10 மி.மீ. கனமாவது மிச்சம் இருந்தால்தான் டயரை விடுவேன். வளைவில் டயர் பக்கவாட்டில் கொஞ்சம் மடங்கும், அதற்கு இடம் வேண்டும். உள்ளே ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாகப் போக வேண்டும். லிப்பை உருட்டி மடிக்கலாமே என்று பட்டறையில் சொல்வார்கள். செய்யலாம், ஹீட் கன் வைத்துப் பொறுமையாகச் செய்தால் பெயின்ட் வெடிக்காது. ஆனால் சரியான ரிம் எடுத்தால் அந்த வேலையே தேவைப்படாது.

கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் பார்த்த கார்கள் தரையோடு ஒட்டிக் கிடந்தும் இடிக்கவில்லையே என்று எழுதியிருந்தாய். அவற்றின் ஸ்ப்ரிங் அவ்வளவு கடினம், சக்கரம் மேலும் கீழும் கொஞ்சம்தான் அசையும். ஓடுபாதையும் கண்ணாடி மாதிரி. வேளச்சேரியில் மழைக்காலத்தில் ஓடும் வண்டிக்கு சக்கரம் நன்றாக ஏறி இறங்கியே ஆக வேண்டும். அந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 40 மி.மீ.க்கு மேல் இறக்காதே என்பதற்கும் அதே காரணம். முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ் ஆர்ம் தரைக்கு இணையான நிலையைத் தாண்டிவிட்டால் நான் சொன்ன உள்சாய்வும் கிடைக்காது, வளைவில் வண்டி முன்பைவிட மோசமாகச் சாயும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்ப்ரிங், ரிம், டயர் மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வண்டிப் புத்தகத்தோடு வைத்துக்கொள். ஒரு விபத்து என்று வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பொங்கலுக்கு எல்லோரும் வருவதாக எழுதியிருக்கிறாய். வண்டியிலேயே வா, பழைய டயரோடு வா. அலாய்க்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பட்டறை மூடியிருக்கும், நாம் இரண்டு பேரும் கவினும் சேர்ந்து களிமண் வைத்துப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு சக்கரத்தைக் கழற்றி, ரிம்முக்குப் பின்னால் பொறித்திருக்கும் அகலம், ஆஃப்செட் எண்களைப் படமெடுத்து அனுப்பு. அப்பாவுக்குக் கீழ் அறையையே ஒழித்து வைக்கிறேன், படி ஏற வேண்டாம்.

அன்புடன்,
சுந்தர்