சன்னலுக்கு மேலே என்ன இருக்கிறது? வீடு புதுப்பிக்கும் குத்தகையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாடியுள்ள என் தரைவீட்டின் கீழ்த்தள முன்சுவரில் 1.2 மீட்டர் சன்னல் இருக்கிறது. அதை 3.6 மீட்டராக அகலப்படுத்த உங்களில் மூவரை அழைத்தேன். மூவரும் சன்னலின் குறுக்கே அளவுநாடாவைப் பிடித்தீர்கள். ஒருவர்கூட மாடியேறிப் பார்க்கவில்லை. வந்த விலைப்பட்டியல்களில் கண்ணாடியின் நிறம்வரை எழுதியிருந்தது. மேலே தாங்கும் பீமுக்கு மட்டும் ஒன்றில் ஒரே வரி: "பக்கத்து வீட்டில் போட்டது போல." மற்ற இரண்டில் அந்த வரியும் இல்லை.

பக்கத்து வீட்டுத் திறப்பு என்ன அகலம், அதன் மேல் என்ன நிற்கிறது என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் அண்ணே" என்றார்.

ஒன்றல்ல, தம்பி. மீட்டருக்கு ஒரே பாரம் என்று வைத்துக்கொண்டாலும், அகலம் மும்மடங்கானால் பீமை வளைக்கும் திருப்புவிசை ஒன்பது மடங்காகும். அதே பீமையே போட்டால் தொய்வு 81 மடங்கு. பாரமும் அப்படியே நிற்காது. செங்கல் சுவரில் திறப்பு சிறியதாக இருந்தால், மேலுள்ள கற்கள் ஒன்றையொன்று தாங்கி வளைவுபோல் நின்றுகொள்ளும். திறப்பின் தலைமேல் கிடக்கும் சிறு பீமான லிண்டல் சுமப்பது முக்கோண அளவுச் சுவரை மட்டுமே. திறப்பு அகன்றால் அந்த முக்கோணம் உயர்ந்து மாடித்தளத்தை எட்டிவிடும். பிறகு தளமும், அதன் மேலுள்ள அலமாரியும், பேரப்பிள்ளைகளின் ஆட்டமும் பீமின் தலையில்தான்.

அகலத்தில் 360இல் ஒரு பங்கு என்பது தொய்வுக்குப் பொறியாளர்கள் பரவலாகக் கொள்ளும் வரம்பு. என் சன்னலுக்கு அது 10 மில்லிமீட்டர். பீம் முறியாமலேயே சன்னலின் இழுவைக் கதவு இறுகிப்போக அதுவே போதும். ஆகவே பெரிய கண்ணாடி என்றால் வரம்பை இன்னும் இறுக்க வேண்டும், சன்னல் சட்டத்துக்கு மேல் இடைவெளியும் விட வேண்டும். பீமின் இரு முனைகளும் எதன்மேல் உட்காரும் என்பது அடுத்த கேள்வி. மூலையில் எஞ்சும் ஒரு முழம் செங்கல் மொத்தப் பாரத்தில் பாதியை ஏற்குமா?

இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். என் வீடு கான்கிரீட் தூணும் பீமுமாகக் கட்டப்பட்டு, முன்சுவர் பாரம் தாங்காத வெறும் அடைப்பாக இருந்தால், சன்னலைப் பழைய பீமின் அடிவரை உயர்த்திவிடலாம். புதிய பீமே வேண்டாம். எனக்குக் காசு மிச்சம். அதையும் நீங்கள் யாரும் சொல்லவில்லை!

1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்தபோது எனக்கு வயது இருபது. ஆறு மாடிக் கட்டடம். 33 பேர் இறந்தார்கள். வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்தின் சொந்த எடையே விடுபட்டிருந்ததாக விசாரணையில் தெரிந்தது. கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1989இல் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு சன்னலை அதோடு ஒப்பிடுவது மிகை என்பீர்கள். மிகைதான். ஆனாலும் "மேலே என்ன எடை?" என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

எனவே பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரை நானே அமர்த்திக்கொள்கிறேன். பீமின் அளவும் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் அனுமதி கேட்பதும் அவர் பொறுப்பு. உங்களிடம் வேண்டுவது வேறு. சுவரை உடைக்கும் முன் மாடித்தளத்துக்கு எங்கெங்கே முட்டுக் கொடுப்பீர்கள்? வார்ப்பு பீம் என்றால் அந்த முட்டுகளை எத்தனை நாள் விட்டுவைப்பீர்கள்? கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் சோதிக்கிறார்கள். மூன்றாம் நாளே முட்டுகளை உருவிக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடுபவரை நான் பார்த்திருக்கிறேன். இரும்பு பீம் என்றால் துருவுக்கும் தீக்கும் என்ன காப்பு?

இவற்றை எழுதி, விலைப்பட்டியலைத் திரும்ப அனுப்புங்கள். கண்ணாடியின் நிறத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முன்சுவர் இன்னும் உடைபடாத ஒரு வீட்டுக்காரன்