நம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐபிஎல் தொடங்கிவிட்டால் உங்கள் விளையாட்டுப் பக்கம் களைகட்டிவிடுகிறது. சென்னை அணியின் வண்ணப் படம், புள்ளிப் பட்டியல், மறுநாள் யார் யாருடன் மோதுகிறார்கள் என்ற விவரம் எல்லாம் தவறாமல் வருகின்றன. நானும் அவற்றை விரும்பிப் படிக்கிறவள். அதில் ஒரு வரியைக்கூடக் குறைக்கும்படி கேட்கவில்லை. ஆனால் மலேசிய அணி கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலில் அனைத்துலக டி20 ஆட்டம் ஆடினால், மறுநாள் அதே பக்கத்தில் ஒரு துண்டுச் செய்திகூட இருப்பதில்லை. அந்த வருத்தம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அண்மையில் அந்தத் திடலில் என் தோழியின் தம்பி முதன்முறையாக நாட்டுக்காகக் களம் இறங்கினான். இடக்கைச் சுழல்பந்து வீச்சாளன். பகலில் வேலை, மாலையில் வலைப்பயிற்சி என்று பல ஆண்டுகள் உழைத்தவன். தோழியின் அம்மா விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். காலை ஆட்டம். வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. வந்திருந்தவர்களும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் வீட்டார்தான். ஆட்டம் தொடங்குமுன் அணியினர் வட்டமாக நிற்க, மூத்த வீரர் ஒருவர் அவனிடம் தொப்பியைக் கொடுத்தார். அதைத் தலையில் வைக்காமல் முதலில் நாங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்மா கையை உயர்த்தி, போட்டுக்கொள் என்று சைகை காட்டினார்.

ஏழாவது ஓவரில் பந்து அவன் கைக்கு வந்தது. முந்தின இரவு பெய்த மழையில் புல் இன்னும் காயவில்லை. இடுப்பில் செருகியிருந்த துண்டால் பந்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். முதல் பந்து வைடு. அடுத்தது குட்டையாக விழ, மட்டையாளர் பின்னங்காலில் நின்று எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விக்கெட் கீப்பர் ஓடிவந்து தோளில் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பந்தைச் சற்று மேலே தூக்கி, நிதானமாக வீசத் தொடங்கினான். அப்படி வீசிய ஒன்று, முன்னங்காலை நீட்டித் தடுக்கப் போன மட்டையாளரை ஏமாற்றி, மட்டையைத் தாண்டித் திரும்பிக் கீப்பரின் கையில் போய் விழுந்தது. அவனுக்கு அன்று கிடைத்தது இரண்டே ஓவர், விக்கெட் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பந்துக்கு நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவர்களும் எழுந்து தட்டினார்கள்.

இது ஏதோ கிளப் ஆட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2019 ஜனவரி முதல் அனைத்துலக கிரிக்கெட் மன்றம் தன் உறுப்பு நாடுகளின் ஆடவர் அணிகள் அனைத்துக்கும் டி20 அனைத்துலகத் தகுதி கொடுத்திருக்கிறது. பும்ராவின் ஓவர்கள் ஏறியிருக்கும் அதே பதிவேட்டில் இந்தப் பையனின் இரண்டு ஓவர்களும் ஏறிவிட்டன.

மறுநாள் காலை தோழியின் அம்மா கடைக்குப் போய் உங்கள் பத்திரிகையில் இரண்டு பிரதி வாங்கி வந்தார். ஒன்று வீட்டில் வைக்க, மற்றொன்று தெலுக் இந்தானில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப. விளையாட்டுப் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்துச் செய்திகளையும் தேடினார். ஒன்றும் இல்லை.

இது ஒரு குடும்பத்தின் ஆதங்கம் மட்டுமல்ல, ஐயா. 2023 ஜூலையில் இதே திடலில் மலேசிய வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன் மட்டும் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தார். ஏழு பேருமே போல்டு! ஆடவர் அனைத்துலக டி20 ஆட்டம் ஒன்றில் ஏழு விக்கெட் எடுத்த முதல் வீரர் அவர். 2025இல் 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டமும் இங்கேதான் நடந்தது. கோலாலம்பூரில் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டிலேயே இருந்தவர். நம்மவர்களில் சுரேஷ் நவரத்தினம் மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். ஷர்வின் முனியாண்டி நாட்டுக்காக ஆடியிருக்கிறார். இத்தனையும் இருந்தும், பிள்ளையைக் கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பலாமே என்று தெரிந்த பெற்றோரிடம் சொன்னால், அது இந்தியாவில் ஆடுகிற ஆட்டம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்கிற தமிழ்ப் பத்திரிகையில் இல்லாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்பது பெரிதல்ல. மலேசிய அணியின் ஆட்டம் இருந்தால் முதல் நாளே இடமும் நேரமும் போடுங்கள். மறுநாள் யார் எத்தனை ரன் எடுத்தார், யார் எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்று நான்கு வரி போதும். ஆடவர், மகளிர் இரு அணிகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். முடிந்தால் ஒரு முறையாவது நிருபரை அனுப்புங்கள். அவர் ரயிலில் வந்தால், கிள்ளான் நிலையத்திலிருந்து திடலுக்கு அழைத்துப்போக நானும் தோழியும் காருடன் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்