அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையில், ‘பெற்றோர் வழி வந்த மரபணுக் குறைபாட்டால் நோய் திரும்புகிறது’ என்று ஒரு வரி. போன ஞாயிறு ஒரு காதுகுத்து வீட்டில், பெரியம்மா ஒருவர் அதைப் பத்துப் பேர் நடுவில் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, “அப்பவே சொன்னேன், சொந்தத்துல குடுக்காதீங்கன்னு” என்றார். நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை. பக்கத்தில் என் மகள் இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. எல்லாம் புரியும்.

அவளுக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்று வந்தது நான்கு வயதில். ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அவள் கை என் கைக்குள் இருந்தது. அந்த மஜ்ஜையில்தான் இந்த மரபணுச் சோதனைகள் நடந்தன. புற்று செல்லுக்குள் எது உடைந்து எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தால் அது பிலடெல்பியா குரோமோசோம், 1960-லேயே கண்டது. ஐ.கே.இசட்.எஃப்.1 மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். இ.டி.வி.6, ரன்எக்ஸ்1 என்ற மரபணுக்கள் இரண்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. இவையெல்லாம் அந்தக் கெட்ட செல்லில் நேர்ந்த மாற்றங்கள். சில மாற்றங்கள் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே நேரலாம். அப்போதும் அவை அம்மா அப்பா கொடுத்தவை அல்ல. குடும்ப வழியில் வருவதும் உண்டு, ஆனால் அரிது.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. மரபணு என்ற சொல்லுக்குள்ளேயே மரபு இருப்பதால், வாசகர்கள் பரம்பரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்களிடமிருந்து அவளுக்கு வந்ததாகச் சோதனை காட்டிய மரபணு மாற்றம் ஒன்றே ஒன்று: நட்15 (NUDT15) மரபணுவில். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெர்கேப்டோபூரின் மாத்திரையை உடம்பு எப்படித் தாங்கும் என்பதைச் சொல்வது அது. சாதாரண அளவிலேயே அவளுக்கு வெள்ளை அணுக்கள் சரிந்து காய்ச்சல் வந்தது. சோதித்து, அளவைக் குறைத்தார்கள். தினமும் ராத்திரி பிளேடால் மாத்திரையைப் பாதியாக வெட்டினேன். ஆசிய நாட்டவரிடம் அதிகம் காணப்படும் இந்த மாற்றத்தைப் பற்றி, நம் பெற்றோருக்கு உண்மையிலேயே பயன்படும் இந்தச் சங்கதி பற்றி, கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

தலைப்பில் ‘விதி’ என்றும் போட்டிருந்தீர்கள். பிலடெல்பியா குரோமோசோம் இருந்தால் முன்பெல்லாம் டாக்டர்களே தயங்குவார்கள். இப்போது இமாடினிப் போன்ற மாத்திரைகளைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், பல குழந்தைகள் பிழைக்கிறார்கள். முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும், பத்தாயிரம் செல்லில் ஒரு புற்று செல் மிச்சமிருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை இருக்கிறது. மிச்சம் இருந்தால் மருந்தைக் கூட்டுவார்கள். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்று முடிவுசெய்யத்தானே இத்தனை சோதனையும்? எங்கள் பக்கத்துப் படுக்கைப் பையன் வீட்டில், “மரபணுவில் இருப்பது எப்படியும் வரும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாத்திரைக் காலம் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். பையன் அப்போது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தான். மறுவருடம் திரும்ப அட்மிட் ஆனான். அதற்குப் பிறகு அவன் அம்மாவுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு, பப்பாளி இலைச் சாறு ரத்தப் புற்றைக் கரைக்கும் என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை. அதோடு, மொட்டைத் தலையோடு அழும் குழந்தையின் படம்தான் எப்போதும் உங்களுக்குக் கிடைக்கிறது. முடி வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஐயா. என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரி தவறு என்று, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். இனிமேல் ‘புற்று செல்லில் நேர்ந்த மரபணு மாற்றம்’ என்று எழுதுங்கள். பெரியம்மா வீட்டுக்கும் உங்கள் இதழ்தான் போகிறது.

இப்படிக்கு,
ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)